மைன்கிராஃப்ட் சர்வரை எங்கே வைப்பது? டிடாஸை முன்வைத்து நான்கு வழிகள்

கணினியில் விளையாடும் ஜாவா பதிப்பில் சொந்தமாக ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு ரேம் வேண்டும், பிங் (சர்வரிடமிருந்து பதில் வர ஆகும் நேரம்) எவ்வளவு வரும் என்பதைத்தான். யாராவது தாக்கி முடக்கப் பார்த்தால், அதாவது டிடாஸ் செய்தால், சர்வர் தாங்குமா என்ற கேள்வி பெரும்பாலும் முதல் தாக்குதலுக்குப் பிறகுதான் எழுகிறது. அதற்குள் சர்வரின் ஐபி முகவரி பத்து இடத்தில் பதிவாகியிருக்கும். அதன் பிறகு அதை மறைப்பது பெரிய வேலை. அதனால் இந்த முடிவைத் தொடங்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

உங்கள் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: வீட்டுக் கணினியிலேயே ஓட்டுவது, விளையாட்டை உருவாக்கிய மோஜாங் தானே சர்வரை நடத்தித்தரும் ரியல்ம்ஸ் சந்தாவை எடுப்பது, வெளியில் ஒரு சர்வரை வாடகைக்கு எடுப்பது, வாடகை சர்வருக்கு முன்னால் ஒரு பாதுகாப்பு புராக்ஸியை (இடையில் நின்று வடிகட்டும் சர்வரை) நிறுத்துவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடப்போகிறவர்கள் எல்லோரும் உங்களுக்குத் தெரிந்தவர்கள் என்றால் வீட்டிலேயே, ஆனால் தனி வலையமைப்புக்குள் வையுங்கள். முன்பின் தெரியாதவர்களும் வரப்போகிறார்கள் என்றால் நான்காவது வழிதான், அதையும் முதல் நாளிலிருந்தே. ரவுட்டரில் போர்ட்டை (வெளியார் உள்ளே வரும் வாசல் எண்ணை) திறந்து வீட்டு ஐபி முகவரியை ஊருக்கெல்லாம் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

எதிலிருந்து பாதுகாப்பு?

டிடாஸ் என்றாலே குப்பை டேட்டாவைக் கொட்டி இணைப்பை அடைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஒரு வகை. இன்னொரு வகைக்கு அவ்வளவு டேட்டா தேவையே இல்லை. மென்பொருளில் இருக்கும் ஓர் ஓட்டையைப் பார்த்து, சரியாக வடிவமைத்த ஒரே ஒரு பேக்கெட்டை (டேட்டாத் துண்டை) அனுப்பினால் போதும், சர்வர் விழுந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் பாதுகாப்பு ஏறக்குறைய முழுவதும் முதல் வகைக்கானது. இரண்டாவது வகையிடம் அது பெரிதாக எடுபடாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டால்தான் நான்கு வழிகளின் உண்மையான மதிப்பு தெரியும்.

இரண்டாவது வகைக்கு மைன்கிராஃப்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ஒரு பொருளின் பெயர், மந்திரங்கள், பெட்டிக்குள் இருப்பவை போன்ற விவரங்களை 2015 வாக்கில் என்பிடி என்ற வடிவத்தில்தான் விளையாட்டு, சர்வருக்கு அனுப்பியது. இந்த வடிவத்தில் ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல், அதற்குள் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அனுப்பும் டேட்டா சுருக்கப்பட்டே போகிறது. ஒரே மாதிரியான வெற்றுப் பட்டியல்களைக் கோடிக்கணக்கில் அடுக்கினாலும் சுருக்கியபின் சில பத்து கிலோபைட்தான் வரும். சர்வர் அதை விரித்து, ஒவ்வொரு பட்டியலுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்கத் தொடங்கியதும் ரேமும் பிராசஸரும் மூச்சுத் திணறி நின்றுவிடும். ஒரு நிரலாளர் 2013 ஜூலையில் இதை மோஜாங்கிடம் தெரிவித்தார். சரிசெய்யப்படாமலே கிடந்ததால் 2015 ஏப்ரலில் எல்லோரும் பார்க்க வெளியிட்டார். அதன் பிறகு உடனே 1.8.4 பதிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு பெரிய இணைப்பை வாடகைக்கு எடுத்திருந்தாலும் இந்த ஒரு பேக்கெட்டிடமிருந்து தப்பியிருக்க முடியாது. ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது சாதாரண விளையாட்டு டேட்டாதான்.

2021 டிசம்பரில், விளையாட்டு பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தில் வெடித்த ஓட்டை இதைவிட மோசம். சாட்டில் ஒரு வரி எழுதியே சர்வரில் அந்நிய நிரலை ஓட்ட முடிந்தது. மோஜாங் அதை அடைத்து 1.18.1-ஐ டிசம்பர் 10 அன்று வெளியிட்டது. அதே நூலகத்தில் அடுத்த சில நாட்களில் இன்னொரு ஓட்டையும் தெரியவந்தது. அது நிரலை முடிவில்லாமல் தன்னைத்தானே அழைக்கவைத்து நிறுத்திவிடும், அசல் சேவை மறுப்புக் குறை. நூலகத்தின் 2.17.0 பதிப்புதான் அதை அடைத்தது. விளையாட்டை எழுதியவர்கள் எழுதாத நிரலிலும் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) போட்ட சர்வர்களுக்கு இது இன்னும் அதிகம்: 2023-ல், மாட்களை ஏற்றும் ஃபோர்ஜின் பழைய பதிப்புகளுக்கான பல மாட்களில் பிளீடிங்பைப் என்ற ஓட்டை வெளியானதே அதற்குச் சாட்சி.

முதல் வகைக்கு, அதாவது வெள்ளமாகக் கொட்டும் தாக்குதலுக்கு, மைன்கிராஃப்ட் உலகம் ஒரு கசப்பான வரலாற்றையே கொடுத்திருக்கிறது. 2016-ல் இணையத்தை உலுக்கிய மிராய் பாட்நெட்டை உருவாக்கியவர்கள் மூன்று அமெரிக்க இளைஞர்கள். அவர்களில் ஒருவர், மைன்கிராஃப்ட் சர்வர்களுக்கு டிடாஸ் பாதுகாப்பு விற்கும் நிறுவனம் நடத்திக்கொண்டிருந்த ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர். கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்து வைத்துத் தாக்கினார்கள். மைன்கிராஃப்ட் நடத்துபவர்கள் பாதுகாப்புக்காகப் பரவலாக நாடிய பிரெஞ்சு நிறுவனமான ஓவிஎச் மீது அந்த செப்டம்பரில் விழுந்த தாக்குதல்கள் சேர்ந்து நொடிக்கு ஏறத்தாழ 1 டெராபிட்டை எட்டின. மூவரும் 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பிள்ளைகள் விளையாடும் சர்வரை யார் தாக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். தாக்குவதற்கான கருவிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சந்தையே விளையாட்டு சர்வர்களைச் சுற்றித்தான் வளர்ந்தது.

வீட்டுக் கணினி

போர்ட்டைத் திறந்து வைக்கும் முறையை முதலில் ஒதுக்கிவிடலாம். 100 எம்பிபிஎஸ் வீட்டு இணைப்பை நிரப்ப ஒரு பாட்நெட் தேவையே இல்லை, அதன் ஒரு துளி போதும். விழுவது சர்வர் மட்டுமல்ல. அப்பாவின் அலுவலகக் கூட்டம், தங்கையின் ஆன்லைன் வகுப்பு எல்லாமே நின்றுபோகும். தாக்குதல் இன்னும் பெரிதானால் பக்கத்து வீட்டையும் பாதிக்கும். 2022 ஜனவரியில் ட்விட்சில் நடந்த ஸ்க்விட் கிராஃப்ட் கேம்ஸ் என்ற மைன்கிராஃப்ட் போட்டியின்போது, அண்டோராவில் குடியிருந்த ஸ்பானிஷ் ஸ்ட்ரீமர்கள் பலர் பாதியில் துண்டிக்கப்பட்டு வெளியேறினார்கள். தாக்கப்பட்டது போட்டியின் சர்வர் அல்ல, அந்த நாட்டின் ஒரே இணைய நிறுவனமான அண்டோரா டெலிகாம். சில ஆட்டக்காரர்களைக் குறிவைத்ததில் ஒரு நாட்டின் இணையமே தடுமாறியது.

நம் ஊர் இணைப்புகளில் இன்னொரு சங்கதியும் உண்டு. பல நிறுவனங்கள் ஒரே பொது ஐபியைப் பலருக்கும் பகிர்ந்து தருவதால் ரவுட்டரில் போர்ட்டைத் திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங் வேலையே செய்யாது. ரவுட்டரில் எல்லாம் சரியாகப் போட்டும் நண்பர்களால் சேர முடியவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

தனி வலையமைப்பு இந்த இரண்டு சிக்கலையும் ஒருசேரத் தீர்க்கிறது. டெயில்ஸ்கேல் அல்லது ஜீரோடியர் போன்ற ஒன்றை உங்கள் கணினியிலும் ஒவ்வொரு நண்பரின் கணினியிலும் நிறுவினால், எல்லோரும் ஒரே வீட்டு வைஃபையில் இருப்பதுபோல் இணைந்துகொள்வார்கள். ரவுட்டரில் எதையும் திறக்க வேண்டாம். டெயில்ஸ்கேலுக்கு அடியில் இருக்கும் வயர்கார்டு முறை, சரியான சாவி இல்லாத பேக்கெட்டுக்குப் பதிலே சொல்லாது. போர்ட்டை வருடிப் பார்க்கும் அந்நியனுக்கு அங்கே ஒரு மைன்கிராஃப்ட் சர்வர் இருப்பதே தெரியாது. ஆகவே வெள்ளமும் வராது, அந்த ஒற்றைப் பேக்கெட்டும் வராது. இரண்டு வகைக்கும் ஒரே நேரத்தில் தடை போடுவது நான்கு வழிகளில் இது ஒன்றுதான். அதனால்தான் இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன்.

ஒயிட்லிஸ்ட் (அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியல்) மட்டும் போட்டால் போதாதா? போடுங்கள், அது அவசியம். ஆனால் அது எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் இணைப்பை ஏற்படுத்தி, தன் பெயரைச் சொல்லி, கணக்குச் சரிபார்ப்பு முடிந்த பிறகுதான் அவர் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று சர்வர் பார்க்கும். அதுவரைக்குமான நிரல் முழுவதும் அந்நியருக்குத் திறந்தே இருக்கிறது. 2015-ன் என்பிடி தாக்குதலுக்கு உள்ளே வந்த ஆட்டக்காரர் தேவை என்பதால் ஒயிட்லிஸ்ட் அதைத் தடுத்திருக்கும். லாகின் கட்டத்திலேயே அடிக்கும் தாக்குதலைத் தடுக்காது.

இதன் குறைகளும் உண்மையானவை. ஒவ்வொரு நண்பரும் ஒரு செயலியை நிறுவ வேண்டும், சின்னப் பிள்ளைகள் என்றால் பெற்றோரைக் கேட்டுத்தான் செய்ய முடியும். இலவசத் திட்டங்களில் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. மின்சாரம் போனால் உலகமும் போகும். இருபது பேருக்கு மேல் என்றால் உங்கள் அப்லோடு வேகமும் திணறும்.

ரியல்ம்ஸ்

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொல்லையே வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்றது. உரிமையாளரோடு சேர்த்து ஒரே நேரத்தில் 11 பேர் விளையாடலாம், அழைப்பு இல்லாமல் யாரும் வர முடியாது, அப்டேட்டும் தாக்குதலும் மோஜாங்கின் கவலை. ஜாவா ரியல்ம்ஸில் பிளக்இன்னும் (சர்வரில் சேர்க்கும் கூடுதல் நிரல்) மாடும் போட முடியாது, சர்வரின் அமைப்புக் கோப்புகளைத் தொட முடியாது. மாட் ஆசை இல்லாத பள்ளித் தோழர்கள் குழுவுக்கு நான் தயங்காமல் இதையே சொல்வேன். ஆனால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், அவர்கள் பக்கம் கோளாறு என்றால் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வாடகை சர்வர்

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஹோஸ்டிங் நிறுவனங்கள் எல்லாமே டிடாஸ் பாதுகாப்பு உண்டு என்று எழுதியிருக்கின்றன. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கலாம். ஒன்று, வரும் வெள்ளத்தில் நல்ல பேக்கெட்டைப் பிரித்து உங்கள் சர்வருக்கு அனுப்புவது. மற்றொன்று, உங்கள் ஐபிக்கு வரும் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாகக் குப்பையில் போட்டுவிடுவது. நல்-ரவுட் என்று இதைச் சொல்வார்கள். இது அவர்களின் நெட்வொர்க்கைக் காப்பாற்றுகிறது. உங்கள் சர்வர் இணையத்திலிருந்து மறைந்துபோகிறது, தாக்குபவன் விரும்பியதும் அதைத்தானே? பணம் கட்டும் முன் அவர்களுக்கு ஒரு டிக்கெட் போட்டு நேராகக் கேளுங்கள்: தாக்குதல் வந்தால் என் ஐபியை நல்-ரவுட் செய்வீர்களா, செய்தால் எவ்வளவு நேரம், உங்கள் வடிகட்டிக்கு மைன்கிராஃப்ட் நெறிமுறை (டேட்டாவைப் பரிமாறும் விதம்) தெரியுமா? மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பாருங்கள். ஓவிஎச் தன் விளையாட்டு சர்வர்களுக்கு விளையாட்டு நெறிமுறை வாரியாக வடிகட்டி வைத்திருக்கிறது. மற்ற நிறுவனங்களிடம் கேட்கும்போது அதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

நெறிமுறை தெரிய வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. குவேக் என்ற பழைய விளையாட்டின் சர்வர்களிடம், முன்கூட்டி இணைப்பை உறுதிசெய்யாத யுடிபி முறையில் நிலவரம் கேட்டால், கேட்டவர் யார் என்று சரிபார்க்காமலே நீளமாகப் பதில் சொல்லிவிடும். முகவரியைப் பொய்யாகப் போட்டுக் கேட்டால் அந்தப் பதில் வேறொருவர் தலையில் விழும். அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான யுஎஸ்-செர்ட் 2014-ல் வெளியிட்ட எச்சரிக்கையில் இந்தப் பெருக்கத்தை 63.9 மடங்கு என்று குறித்திருந்தது. வால்வ் என்ற விளையாட்டு நிறுவனமும் தன் சோர்ஸ் சர்வர்களின் விவரக் கேள்விக்கு 2020 டிசம்பரில்தான், கேட்டவரின் முகவரியைச் சரிபார்க்கும் சவால் எண் முறையைச் சேர்த்தது. ஜாவா மைன்கிராஃப்ட், முதலில் கைகுலுக்கி இணைப்பை உறுதிசெய்யும் டிசிபி முறையில் ஓடுவதால் இந்த ஏமாற்று வேலை அதில் நடக்காது. ஆனால் அதே காரணத்தால் அதன் மேல் வரும் தாக்குதல் வேறு மாதிரி: ஆயிரக்கணக்கான பாட்கள் (ஆட்டக்காரர்போல் நடிக்கும் நிரல்கள்) ஒழுங்காகக் கைகுலுக்கி, ஒழுங்காக லாகின் கேட்டு, அதிலேயே சர்வரை மூழ்கடிக்கும். பொதுவான வடிகட்டிக்கு இதில் தப்பே தெரியாது. பக்கிட் என்ற சர்வர் மென்பொருளின் அமைப்பில் ஒரே ஐபி 4000 மில்லிநொடிக்குள் மறுபடி வந்தால் தடுக்கும் வசதி இருக்கிறது. ஆளுக்கொரு ஐபியோடு வரும் பாட்நெட்டிடம் அது பலிக்காது.

கணக்கைச் சரிபார்க்கும் ஆன்லைன்-மோடை அணைத்து, கணக்கு வாங்காதவர்களையும் உள்ளே விடும் சர்வர்கள் இந்தத் தாக்குதலுக்கு வாசலைத் திறந்து வைத்தவை. எந்தப் பெயரிலும் எத்தனை பாட் வேண்டுமானாலும் உள்ளேயே வந்து நிற்கும். கூட்டம் சேரும் என்பதற்காக இதைச் செய்யாதீர்கள்.

முன்னால் ஒரு புராக்ஸி

ஆட்டக்காரர்கள் புராக்ஸியின் முகவரிக்கு வருவார்கள், அது வடிகட்டி உங்கள் சர்வருக்கு அனுப்பும். உண்மையான ஐபி யாருக்கும் தெரியக் கூடாது என்பதே இதன் அடிப்படை. டிசிபிஷீல்டு, கிளவுட்ஃப்ளேரின் ஸ்பெக்ட்ரம் போன்றவை இதைத்தான் செய்கின்றன. ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம்: கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் ஆரஞ்சு மேகத்தை அழுத்தினால் பாதுகாக்கப்படுவது வலைத்தளம் மட்டும்தான். மைன்கிராஃப்ட் அதன் வழியாகப் போகாது. மேகத்தைச் சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் விளையாட்டு வேலை செய்யும், உங்கள் ஐபியும் வெளியே தெரியும்.

இந்த வழி தோற்பது பெரும்பாலும் புராக்ஸியின் குறையால் அல்ல, ஐபி வேறு வழியில் கசிவதால். எங்கெல்லாம் கசிகிறது என்று பாருங்கள். உலக வரைபடத்தை பிரவுசரில் காட்டும் டைன்மேப் அதே கணினியில் 8123 போர்ட்டில் ஓடும், அதன் இணைப்பை டிஸ்கார்டில் ஒட்டியிருப்பீர்கள். ஆட்டக்காரர்கள் சர்வர்களுக்கு ஓட்டுப் போடும் தளங்களுக்காக வோட்டிஃபையர் போட்டு, அங்கே ஐபியையும் 8192 போர்ட்டையும் நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ரிசோர்ஸ் பேக்கை (விளையாட்டின் படம், ஒலித் தொகுப்பை) அதே கணினியிலிருந்து பதிவிறக்கவைத்தால், சேரும் ஒவ்வொருவருக்கும் அந்த முகவரி போய்ச் சேரும். சிம்பிள் வாய்ஸ் சாட் மாட் 24454 போர்ட்டில் யுடிபியில் பேசும். டிசிபி மட்டும் கடத்தும் புராக்ஸி அதைக் கடத்தாது என்பதால் அதற்கு நேர் முகவரி கொடுக்க வேண்டிவரும். கைபேசியில் விளையாடும் பெட்ராக் பதிப்பின் ஆட்டக்காரர்களையும் சேர்க்க கீசர் போட்டால் அதுவும் யுடிபிதான், போர்ட் 19132. இவையெல்லாம் வேண்டும் என்றால் யுடிபியையும் கடத்தும் திட்டத்தை எடுங்கள், வரைபடத்தையும் ரிசோர்ஸ் பேக்கையும் வேறு இடத்துக்கு நகர்த்துங்கள்.

இன்னொரு தொழில்நுட்ப விஷயம். புராக்ஸி வழியாக வரும் எல்லோரும் சர்வருக்கு ஒரே ஐபியாகத் தெரிவார்கள். அசல் ஐபியைச் சொல்லும் பிளக்இன்னையோ புராக்ஸி புரோட்டோகால் அமைப்பையோ போடாமல் ஒருவரை ஐபி-பேன் செய்தால் (அவர் ஐபியைத் தடைசெய்தால்) மொத்தக் கூட்டமும் வெளியே நிற்கும்.

பிங் கொஞ்சம் கூடும். சென்னையில் ஆட்டக்காரர், மும்பையில் சர்வர், ஆனால் புராக்ஸியின் பக்கத்து மையம் ஐரோப்பாவில் என்றால் சண்டை ஆட்டம் ஆடவே முடியாது. மையங்களின் பட்டியலைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பணத்தால் வாங்க முடியாத பகுதி

எந்த வழியில் போனாலும், உள்ளே வந்துவிட்ட ஒருவர் செய்யக்கூடிய சேதம் அப்படியே இருக்கிறது. சர்வர் நொடிக்கு 20 முறை உலகைக் கணக்கிடுகிறது, டிக் எனப்படும் ஒவ்வொன்றுக்கும் 50 மில்லிநொடி. லேக் மெஷின் என்று ரெட்ஸ்டோனிலும் (விளையாட்டின் மின்சுற்றுப் பொருள்) எண்ணற்ற உருப்படிகளிலும் கட்டும் கருவிகளின் நோக்கமே இந்த நேரத்தைத் தின்பது. ஒரு டிக் 60 விநாடியைத் தாண்டினால், சர்வரின் கண்காணிப்பு நிரலே அதை நிறுத்திவிடும். புத்தகத் தடை என்று ஒன்று இருக்கிறது: பக்கம் முழுக்க விசித்திர எழுத்துகள் நிரப்பிய புத்தகங்களைப் பெட்டிகளில் அடைத்து ஓரிடத்தில் வைத்தால், அந்த இடத்தின் டேட்டா ஒரு பேக்கெட்டின் 2 எம்பி வரம்பைத் தாண்டிவிடும். அந்தப் பக்கம் போன ஆட்டக்காரர் துண்டிக்கப்படுவார். திரும்ப வந்தால் அதே இடத்தில்தான் தோன்றுவார், மறுபடியும் துண்டிக்கப்படுவார்.

இதற்கெல்லாம் மருந்து பேப்பர் போன்ற, உடனுக்குடன் ஓட்டையை அடைக்கும் சர்வர் மென்பொருள்தான். பேப்பரில் பேக்கெட் வேகத்துக்கும் புத்தகத்தின் அளவுக்கும் வரம்பு வைக்கும் வசதி இருக்கிறது. மைன்கிராஃப்டுக்கு இப்படி ஓட்டை அடைக்கும் நிரலாளர் சமூகம் அமைந்தது பெரிய பேறு. டைட்டன்ஃபால் என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் ஆட்டக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. தாக்குதல்களால் விளையாடவே முடியவில்லை என்று அவர்கள் நெடுங்காலம் முறையிட்டார்கள். சர்வரும் நிரலும் நிறுவனத்தின் கையில் இருந்ததால் அவர்களால் எதையும் அடைக்க முடியவில்லை. 2021 டிசம்பர் 1 அன்று, அதை உருவாக்கிய ரெஸ்பான் நிறுவனம் அந்த விளையாட்டின் விற்பனையையே நிறுத்தியது.

எதை எடுப்பது

பத்துப் பதினைந்து தெரிந்த முகங்கள் என்றால் வீடும் டெயில்ஸ்கேலும். இலவசத் திட்டத்தின் வரம்புக்குள் அடங்கினால் செலவு மின்கட்டணம் மட்டும். யாருக்கும் கணினி நுணுக்கம் தெரியாது என்றால் ரியல்ம்ஸ். மாட் வேண்டும், ஆளும் இருபதைத் தாண்டும், ஆனால் அழைத்தவர்கள் மட்டும்தான் என்றால் ஒரு வாடகை சர்வரையே தனி வலையமைப்புக்குள் இழுத்துக்கொள்ளலாம். பலருக்குத் தோன்றாத இந்தக் கலவை எனக்கு மிகவும் பிடித்தது. பொது சர்வர் என்றால் நல்ல வடிகட்டி உள்ள வாடகை சர்வரும் புராக்ஸியும் சேர்ந்தே வேண்டும். புராக்ஸியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், அந்தப் பிறகு வரும்போது ஐபி கசிந்திருக்கும்.

ஏற்கெனவே கசிந்துவிட்டவர்கள் வரிசை மாறாமல் செய்ய வேண்டியது இது. முதலில் டைன்மேப், வோட்டிஃபையர் போன்றவற்றை நிறுத்துங்கள் அல்லது நகர்த்துங்கள். ஹோஸ்டிங்கில் புதிய ஐபி கேளுங்கள். அது கைக்கு வந்ததும், சர்வரைத் தொடங்கும் முன்பே, புராக்ஸியின் முகவரிகளிலிருந்து மட்டும் மைன்கிராஃப்டின் வழக்கமான போர்ட்டான 25565-க்கு அனுமதி என்று ஃபயர்வாலில் போடுங்கள். டிஎன்எஸ்ஸில் (பெயரை ஐபியோடு இணைக்கும் பதிவேட்டில்) புராக்ஸியின் முகவரியை மட்டும் எழுதுங்கள். புதிய ஐபியை ஒரு நிமிடம்கூட அங்கே எழுதாதீர்கள், ஏனென்றால் பழைய டிஎன்எஸ் பதிவுகளைச் சேமித்து வைக்கும் தளங்கள் இருக்கின்றன. கடைசியாக, வேறொரு இணைப்பிலிருந்து புதிய ஐபிக்கு நேராகச் சேர முயன்று பாருங்கள். இணைப்பு கிடைக்கக் கூடாது. கிடைத்தால் ஃபயர்வாலில் பிழை இருக்கிறது, அதைச் சரிசெய்யும்வரை சர்வரைத் திறக்காதீர்கள்.